மறுமதிப்பீட்டில் பத்துக்குப் பத்து

1998ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. ‘நியூட்ரல் மில்க் ஹோட்டல்’ என்னும் குழுவின் இரண்டாவது தட்டு அது. பெயர் ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் த சீ’. இணையத்தில் அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்த பிட்ச்ஃபோர்க் என்னும் இசை விமர்சன இதழ் அதற்குப் பத்துக்கு 8.7 மதிப்பெண் வழங்கியது. 2005-இல் அத்தட்டு மறுவெளியீடு கண்டபோது அதே இதழ் 10.0 வழங்கியது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. பாடியவர் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. ஆயினும் 1.3 மதிப்பெண் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது.

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இண்டி ராக் அன்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். ‘விமர்சகர்கள் காலம் தாழ்த்தியேனும் உண்மையை உணர்ந்தார்கள், அவ்வளவுதான்’ என்கிறார்கள். 1998-இல் தவறியவர்கள் 2005-இல் திருந்தினார்கள் என்பது கேட்பதற்கு இனிய கதை. நாம் அதை ஏற்பதற்கில்லை. இரண்டு முறையும் நிகழ்ந்தது ஒரே தவறுதான் என்பதே நம் கட்சி. முதல்முறை மதிப்பெண் குறைவாகவும் இரண்டாம்முறை நிறைவாகவும் இருந்தது. அந்தத் தட்டு கேட்பவர்முன் வைத்த கேள்வி மட்டும் இரண்டு முறையும் கையெழுத்திடாமலேயே திருப்பி அனுப்பப்பட்டது.

தமிழ் இலக்கியம் கற்பித்துப் பிழைக்கும் ஒருவருக்கு அமெரிக்க ராக் இசையில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மதிப்பெண் போடுவது நமக்கும் தொழில். மற்றொன்று, இத்தட்டின் உட்பொருள் இரங்கல். இரங்கற்பாட்டைப் பற்றிப் பேசத் தமிழ் படித்தவர்க்குச் சிறிது உரிமை உண்டு என்று நம்புகிறோம்.

மேலே சொன்ன தவறில் நமக்கும் பங்குண்டு. அதை முதலில் சொல்லிவிடுவது முறை. முதுகலை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாளில் அறை நண்பர் ஒருவர் இத்தட்டைச் சிடியில் பதிந்து கொண்டுவந்து தந்தார். உறையின் மேல் குழுவின் பெயரோ பாட்டின் பெயரோ இல்லை. மார்க்கர் பேனாவால் ‘10.0’ என்று மட்டும் எழுதியிருந்தது. அன்றிரவு நாம் பாட்டைக் கேட்கவில்லை, எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ‘இது பத்துக்குத் தகுமா’ என்று உள்ளுக்குள் கணக்கு ஓடிற்று. பாடுபவரின் குரல் கரகரத்தது, சுருதியை மீறியது. மூன்று பாட்டு வரையில் பிடிக்கவே இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல அச்சமாக இருந்தது. மறுநாள் நண்பரிடம் ‘அற்புதம்’ என்றோம். பிறகு பலருக்கு நாமே பதிந்து கொடுத்தோம். கொடுக்கும்போதெல்லாம் மதிப்பெண்ணையும் மறவாமல் சொன்னோம். அத்தட்டு யாரை நினைத்து அழுகிறது என்பது நமக்குத் தெரிய மேலும் ஓராண்டு ஆயிற்று. பத்துக்குப் பத்து என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒன்றின் பொருள் நமக்கே தெரியாதிருந்தது இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

*

அறியாதவர்க்காகத் தட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். லூசியானா மாநிலத்தில் ரஸ்டன் என்றொரு சிற்றூர். அங்கே பள்ளிப் பருவம் தொட்டே வீட்டுக் கேசட் கருவிகளில் பாட்டுப் பதிந்து ஒருவருக்கொருவர் கொடுத்துப் பழகிய நண்பர் கூட்டம் ஒன்றிருந்தது. பின்னாளில் ‘எலிஃபன்ட் சிக்ஸ்’ என்று பெயர் பெற்றது. அவர்களுள் ஒருவர் ஜெஃப் மேங்கம். நியூட்ரல் மில்க் ஹோட்டல் அவர் தொடங்கிய குழு. மற்றொருவர் ராபர்ட் ஷ்னைடர். 1997-ஆம் ஆண்டுக் கோடையில் டென்வர் நகரில், வீடொன்றில் அமைந்த சிறு பதிவுக்கூடத்தில், ஷ்னைடரின் மேற்பார்வையில் இத்தட்டு பதிவாயிற்று. ஜெரமி பார்ன்ஸ் முரசு வாசித்தார். ஸ்காட் ஸ்பிலேன் பித்தளைக் குழல்களை ஊதினார். ஜூலியன் கோஸ்டர் மரம் அறுக்கும் ரம்பத்தை வில்லால் தேய்த்து அதிலிருந்து பெண் குரல் போன்றதொரு தேம்பலை எழுப்பினார். பதினொரு பாடல்கள், ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் ‘ஓ கம்லி’ என்னும் பாட்டில் மேங்கத்தின் குரலும் கிதாரும் ஒரே மூச்சில் பதிவானவை. அது முடிந்ததும் கூடத்தில் இருந்த யாரோ வியந்து கத்துவதும் பதிவாகிவிட்டது. அதை அவர்கள் நீக்கவில்லை.

வெளியிட்டது மெர்ஜ் ரெகார்ட்ஸ். 1989-இல் வட கரோலினாவில் இசைக்கலைஞர் இருவர் தொடங்கிய சிறு நிறுவனம். பெருநிறுவனங்களின் பணத்தையும் விளம்பரத்தையும் சாராமல் இப்படிச் சிறு நிறுவனங்களின் வழியே வெளிவந்த ராக் இசையைத்தான் ‘இண்டி’ என்றார்கள். முதற்பதிப்பாக 5,500 சிடியும் 1,600 எல்பி தட்டும் அச்சிட்டார்கள். நம் சிறுபத்திரிகை வெளியீடுகளை அறிந்தவர்க்கு இந்த எண்ணிக்கையின் அடக்கம் நன்கு விளங்கும்.

அக்காலத்து வரவேற்பைப் பற்றி இன்று ஒரு புராணம் உலவுகிறது. காவியத்தை எவரும் கண்டுகொள்ளவில்லை, விமர்சகர்கள் இகழ்ந்து ஒதுக்கினார்கள், பிற்கால இளைஞரே அதை மீட்டெடுத்தார்கள் என்பது அப்புராணம். உண்மை வேறு. பிட்ச்ஃபோர்க்கின் 8.7 பாராட்டுத்தான். வில்லேஜ் வாய்ஸ் இதழ் ஆண்டுதோறும் அமெரிக்க விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 1998-ஆம் ஆண்டுக்கான பட்டியலில் இத்தட்டு 15-ஆம் இடம் பெற்றது. ரோலிங் ஸ்டோன் மட்டும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டது. ஏழாயிரம் படி அச்சிட்ட ஒரு தட்டுக்கு இதைவிட நல்ல வரவேற்பை எவர் எதிர்பார்த்திருக்க முடியும்? முதல் வகுப்பில் தேறிய மாணவனைத் தோற்றவன் என்று சொல்லிப் பின்னர் மாலையிடுவது என்ன நியாயம்?

அதன்பின் ஏறுமுகம். 2003-இல் பிட்ச்ஃபோர்க் வெளியிட்ட தொண்ணூறுகளின் சிறந்த தட்டுகள் பட்டியலில் நான்காம் இடம். 2005-இல் 10.0. அதே ஆண்டில் இத்தட்டைப் பற்றித் தனி நூலே வந்தது. பத்தாண்டு கழிந்த பின் 2008-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற எல்பி தட்டுகளுள் ஆறாவது. மூன்று நட்சத்திரம் போட்ட ரோலிங் ஸ்டோனும் 2020-இல் வெளியிட்ட எல்லாக் காலத்துக்குமான ஐந்நூறு தட்டுகளில் இதற்கு 376-ஆம் இடம் தந்தது. பட்டியல் மேல் பட்டியல், எண் மேல் எண்.

*

ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு முகாமில் உட்கார்ந்து சிவப்பு மையால் எண் இடுகிறவர் நாம். ஆகவே எண்ணைப் பற்றிச் சில உண்மைகளை உள்ளிருந்தே சொல்ல முடியும். காலையில் திருத்திய தாளுக்கும் மதிய உணவுக்குப் பின் திருத்திய தாளுக்கும் கை மாறுவதுண்டு. அருமையான தாள் ஒன்றைத் திருத்தியதும் அடுத்து வரும் நல்ல தாள் சுமாராகத் தெரிவதுண்டு. மாணவர் பணம் கட்டி மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தால் தாள் வேறொருவர் கைக்குப் போகிறது. எண் கூடி வருகிறது. முதலில் திருத்தியவர் அயர்ந்திருந்தார், அல்லது அடுத்தவர் இரங்கினார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அம்மாணவர் சிலப்பதிகாரத்தைப் பற்றி என்ன எழுதினார், அது சரிதானா என்பதை முதல் எண்ணும் சொல்வதில்லை, இரண்டாம் எண்ணும் சொல்வதில்லை. தேர்வுமுறைக்கு வேறு வழியில்லை. ஆயிரக்கணக்கானவர்களை வரிசைப்படுத்தியாக வேண்டும் என்பதால் இந்தக் குறையோடு வாழ்கிறோம். கலைக்கு அந்தக் கட்டாயம் என்ன வந்தது?

பிட்ச்ஃபோர்க்கின் அளவுகோல் 0.0 முதல் 10.0 வரை. அதாவது 101 படிகள். ஒரு தட்டு 8.6-க்கு உரியதா 8.7-க்கு உரியதா என்று பிரித்தறியும் செவி இவ்வுலகில் யாருக்கு வாய்த்தது? தங்கத்தை உரைத்துப் பார்க்கும் ஆசாரிக்குக்கூடக் கல் வேண்டும். இங்கே கல்லும் இல்லை, தங்கமும் அதுவல்ல. ஆயினும் அந்தத் தசமப்புள்ளிக்கு ஒரு மாயம் இருந்தது. அறிவியல் போலத் தோன்றிற்று. துல்லியம் போல நடித்தது. 2004-இல் டிராவிஸ் மோரிசன் என்னும் பாடகரின் தனித்தட்டுக்கு 0.0 இட்டார்கள். ஒரு மனிதர் பாடிப் பதிந்து வெளியிட்ட தட்டில் பாராட்ட ஒரு கணமும் இல்லையாம். இது விமர்சனமா, கழுவேற்றமா?

2021 அக்டோபரில் அதே இதழ், முடிந்தால் மாற்றியிருப்போம் என்று சொல்லிப் பத்தொன்பது தட்டுகளின் எண்களைத் திருத்தி வெளியிட்டது. டாஃப்ட் பங்க் குழுவின் ‘டிஸ்கவரி’ 6.4-இலிருந்து 10-க்கு ஏறியது. லிஸ் ஃபேர் தம் பெயரிலேயே 2003-இல் வெளியிட்ட தட்டு 0.0-இலிருந்து 6.0-க்கு வந்தது. பெருந்தன்மை என்று பலர் மெச்சினார்கள். நமக்கோ சிரிப்பு வந்தது. எண் தவறு என்று தெரிந்த பின்னும் அதற்கு மருந்தாக அவர்கள் கண்டது இன்னோர் எண்தான்.

*

சரி, எண் விழுங்கிவிட்ட அந்தக் கேள்விதான் என்ன?

மேங்கம் இத்தட்டின் பாடல்களை எழுதுமுன் ஆன் ஃப்ராங்கின் நாட்குறிப்பைப் படித்தார். படித்துப் பல நாள் அழுததாகவும், அச்சிறுமியைக் காலம் கடந்து சென்று காப்பாற்றுவது போலக் கனவுகள் கண்டதாகவும் அந்நாளில் அவரே நேர்காணலில் சொல்லியிருக்கிறார். ஆன் 1929-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிறந்த யூதச் சிறுமி. நாஜிகளுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் ஈராண்டுக்கு மேல் ஒளிந்து வாழ்ந்தவர். 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டார். அவுஷ்விட்ஸுக்கும் பின்னர் பெர்கன்-பெல்சன் முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டு 1945-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இறந்தார். அப்போது வயது பதினைந்து. அம்முகாம் ஏப்ரல் 15 அன்று விடுவிக்கப்பட்டது. சில வாரங்கள்தாம் இடைவெளி.

1998-இல் பாடும் அமெரிக்க இளைஞர் ஒருவர், அரை நூற்றாண்டுக்குமுன் கொலைமுகாமில் இறந்த சிறுமியைக் காதலியைப் போலவும் தங்கையைப் போலவும் கனவுருவைப் போலவும் விளித்துப் பாடலாமா? அது துக்கமா, திருட்டா? இதுவே கேள்வி. இது நாம் வலிந்து கொண்டுவந்து நுழைத்ததல்ல. 1997 அக்டோபரில், இத்தட்டின் பதிவு முடிந்த சில வாரங்களிலேயே, எழுத்தாளர் சிந்தியா ஓசிக் நியூ யார்க்கர் இதழில் ஆன் ஃப்ராங்க் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அந்த நாட்குறிப்பை நாடகமாகவும் ஆறுதல் மொழியாகவும் ஆக்கி, அதன் கசப்பை வடிகட்டி, கொல்லப்பட்டவளை எல்லாருக்கும் பொதுவான ஓர் இனிய சின்னமாக்கிவிட்டார்கள் என்று சீறினார். இவ்வாறு திரிக்கப்படுவதைவிட அது எரிந்துபோயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எண்ணும் எல்லை வரை சென்றார். இந்தக் கட்டுரை வெளிவந்த நான்கு மாதத்தில் ஆன் ஃப்ராங்கின் நினைவைத் தாங்கி ஒரு ராக் தட்டு வருகிறது. விமர்சகர்க்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு என்ன வேண்டும்? நாம் படித்த முதல் மதிப்புரைகளில் கருவிகளின் விநோதம் உண்டு, முன்னோர் குழுக்களோடு ஒப்பீடு உண்டு. இந்தக் கேள்வி இல்லை. 2005-இல் எழுதியவர் உள்ளம் தொட்டே எழுதினார், அதை மறுக்கவில்லை. ஆனால் அக்கட்டுரையின் தலையில் ஏறி உட்கார்ந்த 10.0 அதையும் விழுங்கிவிட்டது. அக்கட்டுரையில் ஒரு வாக்கியமேனும் நினைவிருப்பவர் கை உயர்த்துங்கள். எண்ணை மட்டும் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறோம்.

கேள்வி கேட்டால் மட்டும் போதாது, விடை சொல்லவும் முயல வேண்டும். புறநானூற்றுப் பொதுவியல் திணையில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. தலைவன் இறந்தபின் செயலற்று நிற்கும் புலவன் பாடுவது. பாரிக்குக் கபிலர் பாடினார் என்றால் அவருக்கு அந்த உரிமை இருந்தது. உடனிருந்து பழகியவர், உண்டவர். மேங்கத்துக்கு அப்படி எந்த உறவும் இல்லை. வேறு நாடு, வேறு சமயம், வேறு தலைமுறை. அவர் கையிலிருந்தது ஒரு புத்தகம் மட்டுமே. அந்தப் புத்தகத்தைப் படித்தவர் எல்லாரும் அழலாம். அழுததைத் தட்டாக்கி விற்கலாமா?

எதிர்க்கட்சியின் வாதத்தை முதலில் வலுவாகவே வைப்போம். ‘ஓ கம்லி’யில் அச்சிறுமி தாயோடும் தமக்கையோடும் சேர்த்துப் புதைக்கப்பட்டதாக வருகிறது. வரலாறு அப்படியன்று. தமக்கை மார்கோ பெல்சனில் அவளோடு இறந்தார்; தாய் எடித் 1945 ஜனவரியில் அவுஷ்விட்ஸில் இறந்தார். இறப்பிலும் மகள்களைப் பிரிந்தவர் அத்தாய். பாட்டு அவர்களைச் சேர்த்துவைக்கிறது. இது கவிஞனின் கருணையா, கவனக்குறைவா? மேலும், அதே பாட்டில் இறந்தவளின் நினைவில் தனக்கு இடம் இருக்குமா என்று பாடுபவன் ஏங்குகிறான். துக்கத்தின் திசையே அங்குத் திரும்பிவிடுகிறது. அழப்பட வேண்டியவள் அழுபவனைத் தேற்ற வேண்டியவளாகிறாள். தட்டு நெடுகிலும் பதின்வயதின் உடல் வேட்கைகள் அச்சிறுமியின் நினைவோடு கலந்து வருவதும் நமக்கு நெருடலாகவே இருக்கிறது. ஓசிக் இத்தட்டைக் கேட்டிருந்தால் தம் குற்றப்பத்திரிகையில் இன்னொரு பக்கம் சேர்த்திருப்பார் என்று எவரேனும் சொன்னால் நாம் உடனே மறுக்க மாட்டோம்.

ஆயினும் நம் தீர்ப்பு துக்கம் என்பதே. ஒரு சான்று காட்டுவோம். தட்டின் ஆறாவது பாட்டுக்கு ‘ஹாலந்து, 1945’ என்று பெயர். ஆன் ஃப்ராங்கைப் பற்றிய பாட்டு என்பதால் அத்தலைப்பை எவரும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். சற்றே நின்று பாருங்கள். 1945-இல் ஆன் ஹாலந்தில் இல்லை. 1944 செப்டம்பரிலேயே ரயில் ஏற்றிவிட்டார்கள். விடுதலை வந்த அந்த ஆண்டில் ஹாலந்தில் பிழைத்தோர் திரும்பினர், தெருக்களில் ஆடினர். ஒளிந்திருந்த எண்மரில் தந்தை ஒட்டோ ஒருவரே திரும்பி வந்தார். ஆகவே அந்த ஊரும் அந்த ஆண்டும் சேர்ந்து அவள் இல்லாத இடத்தைக் குறிக்கின்றன. தலைப்பே ஒரு வெற்றிடம். மேங்கம் இதை எண்ணித்தான் வைத்தாரா என்பது நமக்கு முக்கியமில்லை. பாட்டு அதைச் செய்கிறது. தட்டிலேயே வேகமான, ஆரவாரமான பாட்டும் இதுதான். முரசு அதிர, குழல்கள் முழங்க ஓடுகிறது. துக்கத்துக்கு இத்தனை ஆரவாரமா என்று அமெரிக்க இளைஞர் வியக்கலாம். சாவு வீட்டில் பறையும் ஆட்டமும் பார்த்து வளர்ந்த நமக்கு வியப்பில்லை. இன்னொன்று: தட்டு முழுவதிலும் மேங்கம் ஆன் ஃப்ராங்கின் குரலில் ஒருமுறைகூடப் பேசவில்லை. அவளுடைய சொற்களை இரவல் வாங்கவில்லை; அவள் நமக்கு நம்பிக்கை தந்தாள் என்று ஆறுதல் சொல்லவில்லை. காப்பாற்ற ஆசைப்பட்டுக் காப்பாற்ற முடியாமல் வெளியே நிற்கிறார். கையறுநிலை என்பதன் நேர்ப்பொருள் அதுதானே.

நம் தீர்ப்பு தவறாகலாம். தவறென்று காட்ட வருபவர் ‘ஓ கம்லி’யை எடுத்துக்கொண்டு வாதிடலாம், நாம் ‘ஹாலந்து, 1945’-ஐ எடுத்துக்கொண்டு மறுமொழி சொல்வோம். அப்படி வாதிடும்போது இருவரும் பாட்டுக்கு இன்னும் அருகில் போவோம். 8.7 என்பவரோடும் 10.0 என்பவரோடும் என்ன வாதிடுவது?

*

எண்ணோடு இன்னொரு தீமையும் வந்தது: புராணம். 1998-க்குப் பின் குழு கலைந்தது. மேங்கம் மேடையை விட்டு விலகினார். பல்கேரிய நாட்டுப்புறத் திருவிழா ஒன்றில் பதிந்த ஒலிகளை 2001-இல் வெளியிட்டார். புதிய பாட்டுத் தட்டு எதுவும் தரவில்லை. பேசாதவர் மீது பேச்சு பெருகிற்று. பித்துப் பிடித்தவர் என்றார்கள், துறவி என்றார்கள், எழுத்தாளர் சாலிஞ்சரோடு ஒப்பிட்டார்கள். பேசாமல் இருப்பதே ஒரு தகுதியாகி மதிப்பெண்ணைக் கூட்டியது. 2003-இல் செய்தியாளர் ஒருவர் அவரைத் தேடிப் புறப்பட்டார். தாம் ஒரு கருத்து அல்லர், தனியே விடப்பட விரும்பும் மனிதர் என்ற பொருள்பட மேங்கம் அவருக்கு மறுமொழி அனுப்பினார்.

இம்மறுமொழியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். கொல்லப்பட்ட சிறுமியை உலகம் ஒரு கருத்தாக்கிவிட்டது என்பதுதான் ஓசிக்கின் முறையீடு. அச்சிறுமியை மீண்டும் மனிதராக நினைக்க முயன்ற பாடகரையும் ரசிகர்கள் ஒரு கருத்தாக்கிவிட்டார்கள். அவரே வாய்விட்டுச் சொன்ன பிறகும் அடங்கவில்லை. 2013 முதல் 2015 வரை குழு மீண்டும் கூடி ஊர் ஊராகச் சென்று பாடியது. பாடினார்கள், முடித்தார்கள், வீடு திரும்பினார்கள். துறவியும் இல்லை, பித்தனும் இல்லை. புராணம் எழுதியவர்களுள் எத்தனை பேர் அதற்காக வருந்தினார்கள்?

நண்பர்கள் இரண்டு மறுப்புகளை முன்வைப்பார்கள் என்று தெரியும். முதலாவது: ஆயிரக்கணக்கில் தட்டுகள் வருகின்றன, மாணவர் கையில் காசு குறைவு, எதைக் கேட்பது என்று சொல்ல எண் உதவுகிறது. உதவட்டும். அரிசிக் கடையில் ரகம் எழுதி வைப்பது போல அது வாங்குவோர்க்கு வழிகாட்டி. அதை விமர்சனம் என்று அழைக்காதிருந்தால் போதும். நம் சிடி உறையில் ‘10.0’ எழுதியிருந்ததால்தான் அதை நாம் கேட்டோம் என்பதும் உண்மை. அந்த எண்ணால்தான் ஓராண்டு அதைக் கேளாமல் கேட்டோம் என்பதும் உண்மை.

இரண்டாவது மறுப்பு: இசையை அனுபவிக்க வேண்டும், அறக்கேள்வி எதற்கு? 2014 டிசம்பர் 18 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஸ்டீபன் கோல்பேர் தம் ‘கோல்பேர் ரிப்போர்ட்’ நிகழ்ச்சியின் கடைசி நாளை ‘ஹாலந்து, 1945’ பாட்டோடு முடித்தார். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1974-இல், தந்தையும் உடன்பிறந்தார் இருவரும் விமான விபத்தில் இறந்தார்கள். நகைச்சுவைக்குப் பேர்போனவர் ஒன்பதாண்டு நடத்திய நிகழ்ச்சியை மூடும் நேரத்தில் இந்தப் பாட்டை ஏன் நாடினார் என்பதற்கு மதிப்பெண் பட்டியலில் விடை தேடிப் பயனில்லை. இழப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்னும் கேள்வி அங்கே இருந்தது. அனுபவமும் கேள்வியும் வேறு வேறு அறைகளில் குடியிருப்பதில்லை.

இதை எழுதும் இன்று பிட்ச்ஃபோர்க்கின் பழைய செல்வாக்கும் இல்லை. 2015-இல் அதை வாங்கிய கோண்டே நாஸ்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் அதை ஓர் ஆடவர் இதழின் கீழ்க் கொண்டுசென்று பணியாளர் பலரை நீக்கியது. எண் வழங்கியவர்களையும் யாரோ ஒருவர் எண்ணாகப் பார்த்துக் கழித்துவிட்டார். இதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. அங்கே நல்ல எழுத்தாளர்கள் இருந்தார்கள், எண்ணின் கீழே நல்ல பத்திகளும் இருந்தன. அந்தப் பத்திகளைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் நாம்தான். இப்போது அந்த வேலையைத் திரைப்படத்துக்கும் நாவலுக்கும் உணவு விடுதிக்கும் நட்சத்திரம் போட்டு நாமே செய்துகொண்டிருக்கிறோம்.

தட்டின் கடைசிப் பாட்டு முடிந்ததும் மேங்கம் கிதாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகும் ஓசை கேட்கிறது. முதல்முறை கேட்டபோது சிடி பழுதென்று எண்ணினோம். அந்த ஓசைக்குப் பின் வரும் அமைதியில் சற்று உட்கார்ந்திருங்கள். உட்கார்ந்திருந்து, இந்த மனிதர் இறந்தவளைப் பாடியது சரிதானா என்று உங்களையே கேளுங்கள். சரியென்றாலும் தவறென்றாலும் காரணத்தோடு எழுதுங்கள். நாம் படிக்கிறோம், மறுக்கிறோம், தேவையானால் நம் தீர்ப்பை மாற்றிக்கொள்கிறோம். எத்தனை மதிப்பெண் என்று மட்டும் எழுத வேண்டாம். வீட்டில் திருத்தாத தாள்கள் வேறு கட்டுக்கட்டாகக் காத்திருக்கின்றன.